தந்தையாகப் போகிறவன் சட்டத்தில் எங்கே இருக்கிறான்?

இந்தியாவில் 19 வயது இளைஞன் வாக்களிக்கலாம். சொத்தை வாங்கலாம், விற்கலாம். குற்றம் புரிந்தால் வயதுவந்தோருக்குரிய நீதிமன்றத்தில் நிற்கவேண்டும். சட்டப்படி மணம் செய்துகொள்ள மட்டும் இன்னும் இரண்டாண்டு பொறுத்திருக்கவேண்டும். அந்த இளைஞனால் ஒரு பெண் கருவுற்றிருக்கிறாள் என்றால், குழந்தை பிறக்கும்வரையிலான மாதங்களில் அவனுக்குரிய உரிமை எது, கடமை எது? இக்கேள்வியோடு இந்தியச் சட்டங்களைப் படிப்பவருக்குத் தாய் தென்படுவாள், கரு தென்படும், கணவன் தென்படுவான். தந்தையாகப் போகிறவன் என்ற ஆளைத் தேடித்தான் கண்டுபிடிக்கவேண்டும்.

இந்த இன்மை தற்செயலானதன்று. அதற்கு 150 ஆண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. இந்தியச் சட்டம் தந்தையின் கடமையை இரத்த உறவிலிருந்தும், தந்தையின் உரிமையைத் திருமணத்திலிருந்தும் வருவித்தது. இரண்டையும் குழந்தை பிறந்த பின்னரே தொடங்கியது. இளைஞனின் வயதையோ பெரும்பாலும் தண்டனையை அளப்பதற்கே பயன்படுத்தியது. இம்மூன்று போக்குகளும் தனித்தனியே வளர்ந்து, இன்று ஒரே ஆளின்மீது வந்து குவிந்திருக்கின்றன.

ஐம்பது ரூபாய்க் கடமை

கடமையின் வரலாறு இங்கிலாந்தின் ஏழையர் சட்டத்தில் தொடங்குகிறது. அங்கே ஆதரவற்றோரைப் பேணும் செலவு ஒவ்வொரு ஊரின் திருச்சபைப் பங்கின்மீதும் விழுந்தது. ஆகவே திருமணத்திற்கு வெளியே பிறக்கப்போகும் குழந்தையின் தந்தை யார் என்பது ஊராரின் வரிப்பணம் பற்றிய கேள்வியாயிற்று. 1733ஆம் ஆண்டின் சட்டப்படி, கருவுற்ற பெண் ஒருவனைச் சுட்டிச் சத்தியம் செய்தால், செலவுக்குப் பிணை கொடுக்கும்வரை அவனைச் சிறையில் வைக்கலாம். 1834இல் இப்பொறுப்பு பெரும்பாலும் தாயின்மீதே சுமத்தப்பட்டது. பத்தாண்டு கழித்து, தந்தையிடம் பணம் கேட்டு நீதிமன்றம் செல்லும் வழி தாய்க்குத் திறந்தது. 1872இன் திருத்தச் சட்டம், குழந்தை பிறப்பதற்கு முன்பே அவள் விண்ணப்பிக்கலாம் என்றும், பேறுகாலச் செலவையும் தந்தையிடமிருந்து பெறலாம் என்றும் வகுத்தது.

அதே 1872ஆம் ஆண்டில் இந்தியாவுக்குப் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் வந்தது. அதை வடித்தவர் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன். மனைவியையும் குழந்தையையும் கைவிட்டவனிடமிருந்து ஜீவனாம்சம் பெற்றுத்தரும் அதிகாரம் 1861இன் சட்டத்திலேயே மாஜிஸ்திரேட்டுக்கு இருந்தது. ஸ்டீபன் அதை நிலைப்படுத்தினார். ஆதரவற்றோர் தெருவுக்கு வந்து அலையாமல் தடுப்பதே அதன் நோக்கம் என்று அவர் கருதினார். 1898இன் சட்டத்தில் இது 488ஆம் பிரிவாயிற்று. மாதத் தொகைக்கு முதலில் 50 ரூபாய் உச்சவரம்பு இருந்தது. 1955இல் அது 500 ஆயிற்று. 1973இன் சட்டத்தில் 125ஆம் பிரிவாக மாறிய இவ்விதியின் உச்சவரம்பு 2001இல் நீக்கப்பட்டது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவாக அது தொடர்கிறது.

இவ்விதியின் சொற்கள் கூர்ந்து நோக்கத்தக்கவை. போதிய வசதியிருந்தும் பேண மறுக்கும் ‘எவரும்’ என்றுதான் அது தொடங்குகிறது. அந்தச் சொல்லுக்கு மதமில்லை, சாதியில்லை, குறைந்தபட்ச வயதுமில்லை. திருமணத்தில் பிறந்த குழந்தையோ வெளியே பிறந்த குழந்தையோ, இரண்டையும் பேணவேண்டும். ஹனஃபி இஸ்லாமிய மரபில், திருமணத்திற்கு வெளியே பிறந்த குழந்தைக்குத் தாய்வழி உறவு மட்டுமே உண்டு. தந்தைவழி வம்சம் நிறுவப்படாது. அத்தகைய குழந்தைக்கும் இப்பிரிவு பொருந்தும். தனிச்சட்டங்கள் மறுத்த உறவைக் குற்றவியல் நடைமுறை பணத்தின் அளவில் ஏற்றுக்கொண்டது.

ஆனால் இங்கிலாந்தின் 1872 சட்டத்திலிருந்த ஒன்று இந்தியாவின் 1872 சட்டத்தில் இல்லை. இங்கே கோரிக்கை ‘மனைவி’க்கும் ‘குழந்தை’க்கும் உரியது. மணமாகாத கருவுற்ற பெண் முதலாவதில் சேரமாட்டாள். அவள் வயிற்றிலிருப்பது இரண்டாவதில் சேராது. பரிசோதனை, மருந்து, சத்துணவு, பேறுகாலம் ஆகிய செலவுகள் எழும் மாதங்களில் இளம் தந்தையின்மீது இவ்விதி எந்தக் கடமையையும் சுமத்துவதில்லை. ஏழையரைப் பேணும் பங்கு இந்தியாவில் இல்லாததால், கருக்காலச் செலவு அரசின் கவலையாகவே ஆகவில்லை. அச்செலவைப் பெண்ணின் பிறந்தகம் ஏற்றது.

280 நாள் விதி

உரிமையின் வரலாறு வேறு வழியில் வந்தது. அதே 1872இல் ஸ்டீபன் வடித்த இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 112ஆம் பிரிவு, திருமணம் யாரைக் காட்டுகிறதோ அவனே தந்தை என்ற பழைய ரோமானியக் கொள்கையை எழுத்தில் வடித்தது. திருமணம் நிலவும்போதோ, அது முறிந்து 280 நாட்களுக்குள் தாய் மறுமணம் செய்யாத நிலையிலோ பிறக்கும் குழந்தை அக்கணவனுடையது. இது வெறும் ஊகமன்று, முடிவான சான்று. கருத்தரித்திருக்கக்கூடிய காலத்தில் இருவரும் கூடுவதற்கு வாய்ப்பே இருக்கவில்லை என்று நிறுவினால் மட்டுமே அதை மறுக்கலாம்.

இந்த விதி குழந்தையைப் பழிச்சொல்லிலிருந்து காத்தது. அதன் பயனை மறுக்கமுடியாது. 1993இல் கௌதம் குண்டு வழக்கில், மனைவியின் குழந்தை தனதன்று என்று சொல்லும் கணவனின் விருப்பத்திற்காக இரத்தப் பரிசோதனைக்கு எளிதில் உத்தரவிடக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. 2014இல் நந்தலால் பத்வாய்க் வழக்கில், மரபணு முடிவு ஏற்கெனவே கையில் இருக்கும்போது ஊகம் அதற்கு வழிவிடவேண்டும் என்றது. 2025 ஜனவரியில் கேரளத்திலிருந்து சென்ற இவான் ரத்தினம் வழக்கில், கணவனோடு கூடும் வாய்ப்பு இருந்தவரை அவனே சட்டப்படி தந்தை என்றும், வேறொருவரை மரபணுப் பரிசோதனைக்குக் கட்டாயப்படுத்த இயலாது என்றும் தீர்ப்பளித்தது. விதி இன்று பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 116ஆம் பிரிவாக நீடிக்கிறது.

இதன் விளைவு, திருமணத்திற்கு வெளியே நிற்கும் ஆணுக்கு இருமுனையுடையது. பெண் வேறொருவரின் மனைவியாயின், குழந்தையிடம் அவனுக்கு உரிமையும் இல்லை, கடமையும் இல்லை. அவள் மணமாகாதவளாயின், கடமை உண்டு. உரிமை மிக மெல்லியது.

‘பிறகு’ என்ற சொல்

அந்த மெல்லிய உரிமையின் அளவைக் காப்பாளர் சட்டங்கள் காட்டுகின்றன. 1875இன் வயதுவந்தோர் சட்டம் முதிர்ச்சி வயதை 18 என்று வகுத்தபோது, திருமணம், மகர், மணமுறிவு, தத்து ஆகியவற்றைத் தன் எல்லைக்கு வெளியே விட்டது. 1890இன் காப்பாளர் சட்டத்தின் 21ஆம் பிரிவு இன்னும் வியப்பளிப்பது. வயதுவராத ஒருவன் வேறொரு சிறாருக்குக் காப்பாளனாக இருக்கத் தகுதியற்றவன். ஆனால் தன் மனைவிக்கும் தன் குழந்தைக்கும் இருக்கலாம். 16 வயதுக் கணவன் 14 வயது மனைவிக்குக் காப்பாளனாக இருக்கும் குடும்பம் அன்றைய சட்டமியற்றியவர்களுக்கு இயல்பான காட்சி. இளம் தந்தை இந்தியச் சட்டத்தில் தகுதியுள்ளவனாகக் குறிப்பிடப்பட்ட அரிய இடங்களுள் இது ஒன்று. அவன் அங்கே நுழைந்ததும் கணவன் என்ற வேடத்தில்தான்.

1956இன் இந்துச் சிறார் மற்றும் காப்பாளர் சட்டம், திருமணத்தில் பிறந்த குழந்தைக்கு இயற்கைக் காப்பாளர் தந்தை, அவருக்குப் ‘பிறகு’ தாய் என்றது. வெளியே பிறந்த குழந்தைக்கு வரிசையைத் திருப்பி, தாய், அவளுக்குப் ‘பிறகு’ தந்தை என்றது. வயதுவராதவர் எந்தச் சிறாரின் சொத்துக்கும் காப்பாளராக முடியாது என்றும் 10ஆம் பிரிவில் சேர்த்தது. 1999இல் எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தொடுத்த வழக்கில், ‘பிறகு’ என்பதற்கு இறப்புக்குப் பிறகு என்று மட்டும் பொருள்கொள்ளவேண்டியதில்லை, தந்தை இல்லாத நிலையில் அல்லது அக்கறை காட்டாத நிலையில் என்றும் கொள்ளலாம் என்று உச்ச நீதிமன்றம் விளக்கியது. ஒரு சொல்லின் பொருள் விரிந்ததால் தாயின் நிலை உயர்ந்தது.

2015 ஜூலையில் மற்றொரு வழக்கில், மணமாகாத தாய் தன் குழந்தைக்குக் காப்பாளராக விண்ணப்பிக்கும்போது தந்தையின் பெயரைச் சொல்லவோ அவருக்கு அறிவிப்பு அனுப்பவோ தேவையில்லை என்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குழந்தையின்மீது அக்கறை காட்டாத ஆணின் உரிமைக்காகத் தாயின் அந்தரங்கத்தைப் பலியிடவேண்டியதில்லை என்பது அதன் நியாயம். அந்த நியாயம் வலுவானது. எனினும் அக்கறை காட்ட விரும்பும் இளம் தந்தை தன்னை எங்கே பதிவுசெய்வது என்ற கேள்வி அத்தீர்ப்புக்கு வெளியே நின்றுவிட்டது. குழந்தை பிறக்குமுன் தந்தைமையை ஏற்று அறிவிப்பதற்கென ஒரு நடைமுறையை இச்சட்டங்கள் எவையும் வகுக்கவில்லை.

வயதும் தண்டனையும்

இளமைக்கு வருவோம். 1860இன் தண்டனைச் சட்டத்தில் சம்மத வயது 10. கல்கத்தாவில் சிறுமி ஃபூல்மணி தாசியின் மரணத்தை ஒட்டி எழுந்த பெரும் விவாதத்திற்குப் பின் 1891இல் அது 12 ஆயிற்று. 1925இல் 14, 1949இல் 16. மணவாழ்வுக்குள் இவ்வயது குறைவாகவே இருந்தது. 1929இன் சாரதா சட்டம் பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என்று திருமண வயதை வகுத்தது. 1978இல் இவை முறையே 18, 21 ஆயின. ஆணின் வயதை 21 ஆக்கியபோது, அதற்குமுன் தந்தையாகிவிடுபவன் என்ன செய்யவேண்டும் என்பதற்குத் தனி விதி எழுதப்படவில்லை.

அவ்விதி ஓரளவுக்கு 2006இன் குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தில் வந்தது. அதன்படி, 21 நிரம்பாத ஆணின் திருமணம் தானாகச் செல்லாததாகிவிடாது. சிறு வயதில் மணம்செய்விக்கப்பட்டவர் கோரினால் நீதிமன்றம் அதை இரத்துசெய்யலாம். அவ்வாறு செய்யும்போது அப்பெண்ணுக்கு ஜீவனாம்சம் தரும் பொறுப்பு ஆணுடையது. அவன் 18 நிரம்பாதவனாயின் அவனுடைய பெற்றோர் அல்லது காப்பாளருடையது. குழந்தையின் செலவையும் பெற்றோர்மீது சுமத்தலாம். குழந்தை எல்லா நோக்கங்களுக்கும் சட்டப்படி பிறந்ததாகவே கருதப்படும். இளம் தந்தையின் இயலாமையைக் கணக்கில் எடுத்து, கடமையை அவனுடைய குடும்பத்தோடு பகிர்ந்த அரிய சட்டம் இது. ஆனால் இதற்கும் ஒரு திருமணம் நடந்திருக்கவேண்டும்.

திருமணமின்றிச் சேர்ந்து வாழ்ந்தவர்களுக்கு 2005இன் குடும்ப வன்முறைச் சட்டம் ‘திருமணத்தை ஒத்த உறவு’ என்ற வழியைத் திறந்தது. கோயம்புத்தூரிலிருந்து மேல்முறையீடாகச் சென்ற வேலுசாமி வழக்கில் 2010இல் உச்ச நீதிமன்றம் அவ்வுறவுக்கு நான்கு அடையாளங்களை வகுத்தது. அவற்றுள் ஒன்று, இருவரும் சட்டப்படி திருமண வயதை எட்டியிருக்கவேண்டும் என்பது. அந்த அளவுகோலின்படி 20 வயது இளைஞனோடு வாழ்ந்து கருவுற்ற பெண் இந்த வழியிலும் நுழையமுடியாது. ஆணைப் பொறுப்பிலிருந்து விடுவிக்க எவரும் எண்ணியிராத போதும், விளைவு அதுவாயிற்று.

2012இன் போக்சோ சட்டம் 18 வயதுக்குட்பட்ட அனைவரையும் குழந்தை என்றது. சம்மதத்திற்கு அங்கே இடமில்லை. பாலியல் வன்கொடுமையிலிருந்து குழந்தைகளைக் காக்க இத்தகைய உறுதியான சட்டம் தேவைப்பட்டது. அதன் 5ஆம் பிரிவு, குற்றத்தின் விளைவாகச் சிறுமி கருவுற்றால் அது கடுமையாக்கப்பட்ட குற்றம் என்கிறது. 2019இன் திருத்தத்திற்குப் பின் அதற்குரிய குறைந்தபட்சத் தண்டனை 20 ஆண்டுச் சிறை. சிறுமியை வேட்டையாடிய முதியவனும், 17 வயதுக் காதலியோடு வாழும் 19 வயது இளைஞனும் இப்பிரிவின் முன் ஒன்றே. இளைஞன் 16 முதல் 18 வயதுக்குள் இருந்தால், சிறார் நீதிச் சட்டத்தின் 15ஆம் பிரிவுப்படி, அவனை வயதுவந்தவனாக விசாரிக்கலாமா என்று வாரியம் முதலில் ஆராயும்.

19ஆம் பிரிவு இச்சூழலை மேலும் இறுக்குகிறது. குற்றம் நடந்ததை அறிந்த எவரும், மருத்துவர் உட்பட, காவல்துறைக்குத் தெரிவிக்கவேண்டும். கருவுற்ற 17 வயதுப் பெண்ணை இளைஞன் மருத்துவமனைக்கு அழைத்துச்சென்றால், அவன் தன்னையே ஒப்படைத்துக்கொள்கிறான். பொறுப்பேற்க முன்வருபவன் அகப்படுகிறான். ஓடி ஒளிந்தவன் சில காலமாவது தப்புகிறான். இடையில் பெண்ணின் மருத்துவம் தாமதமாகிறது. 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், சிறுமியும் அவளுடைய காப்பாளரும் கேட்டுக்கொண்டால், கருக்கலைப்புச் சட்டத்தின் கீழ் சிகிச்சையளிக்கும் மருத்துவர் அவளுடைய அடையாளத்தை அறிக்கையில் வெளியிடவேண்டியதில்லை என்று கூறியது இந்தத் தாமதத்தைக் கருதித்தான்.

2023இல் சட்ட ஆணையம் தன் 283ஆம் அறிக்கையில் சம்மத வயதைக் குறைக்கவேண்டாம் என்றும், 16 முதல் 18 வயதினரின் மறைமுக ஒப்புதல் தெரியும் வழக்குகளில் தண்டனையைக் குறைக்க நீதிபதிக்கு வரையறைக்குட்பட்ட விருப்புரிமை வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. மேற்கு வங்க வழக்கொன்றில், 14 வயதுச் சிறுமியோடு வாழ்ந்து குழந்தை பெற்ற ஆணின் குற்றத்தை 2024இல் உறுதிசெய்த உச்ச நீதிமன்றம், 2025 மே மாதம் தன் சிறப்பு அதிகாரத்தைக் கொண்டு அவனுக்குத் தண்டனை விதிக்காமல் விட்டது. அவன் பதின்வயதினன் அல்லன், 20களில் இருந்தவன். எனினும் அப்பெண்ணையும் குழந்தையையும் உண்மையில் காயப்படுத்தியது எது என்று நீதிமன்றம் கேட்டுக்கொண்டது. சட்ட நடவடிக்கைகளே அவளை அலைக்கழித்தன என்பது அதற்குக் கிடைத்த விடை. ஒரு வழக்குக்குத் தரப்பட்ட இந்த விடை முன்னுதாரணமாகாது.

கணவன் ‘துணைவர்’ ஆனபோது

கருவைத் தொடர்வதா வேண்டாமா என்பதில் ஆணின் இடத்தை 1971இன் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் தீர்மானித்தது. சாந்திலால் ஷா குழுவின் பரிந்துரையிலிருந்து பிறந்த அச்சட்டம், 18 நிரம்பிய பெண்ணின் சம்மதம் மட்டும் போதும் என்றது. தன்னைக் கேளாமல் கருவைக் கலைத்ததற்காக மனைவிமீதும் மருத்துவர்கள்மீதும் இழப்பீடு கேட்ட கணவனின் வழக்கைப் பஞ்சாப் – ஹரியானா உயர் நீதிமன்றம் 2011இல் ஏற்கவில்லை. 2017இல் உச்ச நீதிமன்றமும் அவனுடைய மனுவைத் தள்ளியது. ஆயினும் 2008இல் சுமன் கபூர் வழக்கில், கணவனுக்குத் தெரியாமல் கருவைக் கலைத்ததை மனக்கொடுமையின் கூறாகக் கொண்டு மணமுறிவை உச்ச நீதிமன்றம் உறுதிசெய்திருந்தது. உடல்மீதான முடிவு பெண்ணுடையது என்று ஒரு சட்டம் சொல்ல, அம்முடிவின் விலையை மற்றொரு சட்டம் அவளிடம் கேட்டது.

1971இன் சட்டம் கருத்தடைச் சாதனம் தவறியதைப் பேசும்போது ‘மணமான பெண் அல்லது அவளுடைய கணவன்’ என்று எழுதியது. 2021இன் திருத்தம் அதை ‘பெண் அல்லது அவளுடைய துணைவர்’ என்று மாற்றியது. மணமாகாத ஆணைக் குற்றவாளியாகவோ பணம் கட்டவேண்டியவனாகவோ காட்டாமல், கருத்தடையில் பங்கேற்கும் ஒருவனாக நாடாளுமன்றம் பெயரிட்டது இச்சொல்லில்தான். அவனுக்கு எந்த உரிமையையும் அது வழங்கவில்லை, வழங்கவேண்டியதுமில்லை. அவன் அங்கே இருக்கிறான் என்பதை மட்டும் ஒப்புக்கொண்டது.

பதினைந்து நாள்

உரிமை என்று சொல்லத்தக்க ஒன்று அலுவலக விதிகளில் இருக்கிறது. 1990களின் இறுதியில், ஐந்தாவது ஊதியக் குழுவுக்குப் பின், மத்திய அரசின் ஆண் ஊழியருக்கு 15 நாள் தந்தைமை விடுப்பு வந்தது. உயிருடனுள்ள குழந்தைகள் இரண்டுக்குக் குறைவாக இருந்தால், மனைவியின் பேற்றுக்கு 15 நாட்களுக்கு முன்பிருந்து, பிறந்து ஆறு மாதத்திற்குள் அதை எடுக்கலாம். குழந்தை பிறக்குமுன்பே ஆணைத் தந்தையாகக் கருதி, பெண்ணின் அருகில் இருக்க அனுமதிக்கும் விதி இது. அனைத்துத் துறைகளுக்கும் இதை விரிக்கும் தனிநபர் மசோதாவை 2017இல் ராஜீவ் சாதவ் மக்களவையில் கொண்டுவந்தார்; அது சட்டமாகவில்லை. அதே ஆண்டில் மகப்பேறு விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்ந்தது. 2020இன் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் தாய்க்கு மட்டுமே மகப்பேற்றுப் பயனை வகுத்தது. தினக்கூலிக்கோ கடையிலோ பட்டறையிலோ வேலை பார்க்கும் 19 வயது இளைஞனை அந்த 15 நாள் எட்டுவதில்லை. எட்டினாலும் ‘மனைவி’ என்ற சொல் அவனைத் தடுக்கும்.

ஆக, குழந்தை பிறப்பதற்கு முன் இந்தியச் சட்டம் தந்தையைக் காணும் இடங்கள் இரண்டு. மணமான அரசு ஊழியனாயின் 15 நாள் விடுப்பு. பெண் 18 நிரம்பாதவளாயின் 20 ஆண்டுச் சிறை. இவற்றுக்கு நடுவே கிடக்கும் பரந்த வெளியில், தன் குழந்தைக்குப் பொறுப்பேற்க விரும்பும் இளைஞனும் தட்டிக்கழிக்க விரும்பும் இளைஞனும் வேறுபாடின்றி நடத்தப்படுகிறார்கள். அவ்வேறுபாட்டைச் சட்டம் காணாதபோது அதன் சுமையைத் தாங்குபவள் கருவுற்ற பெண்.

இவ்வரலாற்றிலிருந்து ஆண்களுக்குக் கூடுதல் அதிகாரம் வேண்டும் என்ற முடிவுக்குச் செல்வது பிழையாகும். கருவின்மீது ஆணுக்கு வாக்குரிமை கேட்கும் எந்த வாதமும் பெண்ணின் உடலில் போய்த்தான் முடியும். நீதிமன்றங்கள் அதை மறுத்தது சரியே. கேட்கவேண்டியது கடமையின் தொடக்கத்தைப் பற்றி. 1872இல் ஆங்கிலேயர் தம் நாட்டில் எழுதி இந்தியாவுக்கு எழுதாமல் விட்ட ஒரு வரியை, அதாவது பேறுகாலச் செலவும் தந்தையின் பொறுப்பே என்பதை, 144ஆம் பிரிவில் சேர்ப்பதற்குப் பெரிய தத்துவ மாற்றம் தேவையில்லை. ஒத்த வயதினரின் இணக்கமான உறவில், சிகிச்சைக்கு அழைத்துவந்த செயலையே அவனுக்கு எதிரான முதல் சான்றாக்காத ஒரு வழியையும் காணலாம். தந்தைமை விடுப்பில் ‘மனைவி’ என்றிருக்கும் இடத்தில், 2021இல் நாடாளுமன்றம் தானே தேர்ந்த சொல்லை வைக்கலாம்.

இவற்றுள் எதுவும் அந்த 19 வயது இளைஞனை நல்ல தந்தையாக்கிவிடாது. மருத்துவமனை வாசல்வரை வந்தவன் திரும்பி ஓடாமல் இருப்பதற்கு ஒரு காரணத்தையாவது அவை தரும்.